நூறு மில்லி ஊற்றினால் நூற்று நாற்பது வழியுமா?

எங்கள் பள்ளிக்கூடத்து ரசாயன ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளராக இருக்கும் ஒருத்தியைப் பற்றிச் சொல்லப்போகிறேன். கோபத்தோடுதான் சொல்வேன். பொறுமையாகச் சொல்கிற ஆள் வேண்டுமென்றால் வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் மில்லி அக்கா. எதைக் கேட்டாலும் "எத்தனை மில்லி?" என்று திருப்பிக் கேட்பாள், அதனால் வந்த பெயர். டீக்கடையில் போய் "நூத்தி இருபது மில்லி போதும்ண்ணே, நுரை சேராம" என்று சொல்லி டீ வாங்குகிறவள் இந்த ஊரில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். டீக்காரர் முதலில் முறைத்தார், அப்புறம் பழகிவிட்டார்.

படிப்பு பள்ளி இறுதியோடு நின்றுபோனது. மேலே படிக்க ஆசை இருந்தது, வீட்டில் வழி இல்லை. குழாய்களைக் கழுவுவது, அமிலப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது, மறுநாள் வகுப்புக்கு வேண்டிய கரைசல்களைக் கலந்து வைப்பது, இதுதான் வேலை. அதை அவள் செய்கிற விதம் இருக்கிறதே! அளவுக் குவளையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கடைசித் துளிக்காகக் காத்திருப்பாள். அந்த நேரத்தில் பக்கத்தில் போய்ப் பேசினால் கெட்டது கதை. ரசாயன ஆசிரியர் எல்லாரிடமும் சொல்வார்: "அவ கலந்தா நான் சரிபாக்கவே மாட்டேன்." அந்த ஒரு வார்த்தையை அவள் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள்.

நான் பள்ளி அலுவலகத்தில் டைப் அடிக்கிறவள். இப்போது கம்ப்யூட்டர்தான், ஆனாலும் யாரும் பழைய பேச்சை விடவில்லை. மில்லி என்னைவிட ஐந்து வயது பெரியவள், நான் அவளை அக்கா என்பேன். சந்தோஷமாக இருந்தால் அவள் என்னை "ஏ டைப்பு" என்பாள். பதினோரு வருஷமாக ஆய்வகத்தின் பின்னறையில், கழுவுத்தொட்டி பக்கத்து மர பெஞ்சில், இரண்டு பேரும் சேர்ந்துதான் மதியச் சாப்பாடு.

விஷயம் ஆசிரியர்கள் அறையில் ஆரம்பித்தது. விளையாட்டு ஆசிரியரின் மனைவி போனில் வீடியோ பார்த்து, வீட்டில் இருக்கிற சாமானையெல்லாம் தண்ணீரில் கலந்து செடிக்கு ஊற்றுகிறாளாம். உப்பு, டீத்தூள், சோப்பு, தலைவலி மாத்திரை. "நேத்து என் ஷாம்பூவைக் காணோம், கேட்டா ரோஜாவுக்குப் போயிடுச்சுங்கறா" என்று அவர் புலம்ப, அறையே சிரித்தது. சாவி கொடுக்கப் போன மில்லி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சார், சர்க்கரை வேலை செய்யும்னு நினைக்கிறேன்" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"எங்கம்மா ஆஸ்பத்திரில துவண்டு போய்க் கெடந்தாங்க சார். ஒரே ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனாங்க. சாயங்காலம் எழுந்து உக்காந்துட்டாங்க. மனுஷங்களுக்கே அப்படின்னா செடிக்குக் கேக்கணுமா?"

யாரும் திட்டவில்லை. சிரித்தார்கள். விளையாட்டு ஆசிரியர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ரசாயன ஆசிரியர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்படின்னா சோதனை பண்ணிப் பாரேன். நீதான் அளவுக்காரியாச்சே" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். இவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

வீட்டு மொட்டைமாடியில் ஐந்து தொட்டி வைத்தாள். ஒரே கடையில் வாங்கிய பீன்ஸ் விதை, ஒரே மூட்டை மண், ஒரே வெயில். முதல் தொட்டிக்கு வெறும் தண்ணீர். மற்றதுக்குச் சர்க்கரை, உப்பு, சோப்பு, டீ. ஒரு லிட்டருக்கு ஐந்து கிராம் கணக்கு. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒவ்வொன்றுக்கும் நூறு மில்லி. இதோடு விட்டாளா? தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து, சாயங்காலம் வந்ததும் எவ்வளவு வழிந்திருக்கிறது என்று அளந்து நோட்டில் எழுதுவாள். "எதுக்குக்கா வழிஞ்சதை அளக்கற?" என்று கேட்டேன். "குடுத்தது எனக்குத் தெரியும். எவ்வளவு எடுத்துக்கிச்சுன்னு செடி சொல்லாதுல்ல?" என்றாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

முதல் தடவை சர்க்கரைத் தொட்டி பத்தொன்பதாம் நாள் செத்தது. உப்பு அதற்கும் முன்னாலேயே போய்விட்டது. சர்க்கரைத் தொட்டியின் மண் மேல் வெள்ளையாகப் பூஞ்சை, எறும்பு வரிசை, தண்டு அழுகல். அவள் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். "எல்லாரும் சிரிச்சது சரிதான். கழுவிப் போடற வேலைக்காரிக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றாள். என் டப்பாவையும் மூடிவிட்டேன். என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் மூடியிருப்பீர்கள்.

இங்கேதான் அவள் வீட்டுக்காரர் உள்ளே வருகிறார். தையல்காரர். வீட்டுக் கீழ்ப்பகுதியிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறவர், நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பார். நல்ல மனுஷன், நான் இல்லை என்று சொல்லவே மாட்டேன். குரலை உயர்த்திப் பேசி ஒருத்தரும் கேட்டதில்லை. பெண்டாட்டி சாப்பிடாமல் கிடந்ததை அவரால் தாங்க முடியவில்லை. ரசாயன ஆசிரியருக்குத் தைத்த கால்சட்டையைக் கொடுக்கப் போனவர் அவரிடம் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் உள்ளே போய் ஒரு பொட்டலம் யூரியா உரத்தைக் கொண்டுவந்து கொடுத்து, எந்த அளவில் கலக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்து, "அவ வேலைக்கு வந்தப்புறம் மத்தியானமா ஊத்திடுங்க. பாவம், சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்" என்று அனுப்பியிருக்கிறார்.

இது எனக்கு அப்போது தெரியாது. அவளுக்கோ சுத்தமாகத் தெரியாது.

இரண்டாம் தடவை சர்க்கரைத் தொட்டிச் செடி மற்ற நாலையும் தூக்கி அடித்தது. கரும்பச்சை இலை, விரல் கனம் தண்டு. மூன்றாம் தடவையும் அப்படியே. நாலாம் தடவையும் அப்படியே. பூஞ்சை கண்ட மண்ணைத் தையல்காரர் மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு மண் தூவுவாராம். தட்டில் வழிந்ததைக் கொட்டிவிட்டு, பக்கத்துத் தட்டில் எவ்வளவு நிற்கிறதோ அதே அளவுக்குத் தண்ணீர் விட்டு வைப்பாராம். தையல்காரர் கண்ணுக்கு அளவா தெரியாது?

மில்லி ஆளே மாறிப்போனாள். நடையில் ஒரு துள்ளல். ஆசிரியர்கள் அறை வாசலில் தயங்கி நின்றவள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து பேசினாள். "முதல் தடவை ஏன் செத்துச்சுன்னு இன்னும் எனக்குப் புரியல சார், விதைக் கோளாறா இருக்கும்" என்று ரசாயன ஆசிரியரிடமே சொன்னாள். அந்த மனுஷன் "இருக்கும், இருக்கும்" என்று தலையாட்டினார்.

பள்ளிக்கூட வாட்ச்மேன் அண்ணன் வாசல் பக்கம் ஒரு ரோஜாச் செடி வைத்திருந்தார். இவள் பேச்சைக் கேட்டு அதற்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். மூன்று வாரத்தில் செடி காய்ந்து குச்சியாகிவிட்டது. வந்து சொன்னவரை இவள் பிடி பிடியென்று பிடித்தாள்.

"அஞ்சு கிராம்னா அஞ்சு கிராம்ண்ணே! கையால அள்ளிப் போட்டீங்களா?"

"இல்லம்மா, நீ குடுத்த ஸ்பூன்லதான்..."

"அப்ப நீங்க எங்கயோ தப்புப் பண்ணியிருக்கீங்க. என் செடியைப் பாருங்க, எப்படி நிக்குது!"

அவர் வாசலுக்குத் திரும்பிப் போய்விட்டார். ஆசையாக வளர்த்த செடியும் போய், பேச்சும் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் ஒருநாள் சர்க்கரைத் தொட்டியைப் பள்ளிக்கூடத்துக்கே தூக்கிவந்து எனக்குக் காட்டினாள். அந்த வழியாக வந்த தலைமை ஆசிரியை நின்று, நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதெல்லாம் நீயா எழுதின?" என்றார். அந்த வருஷ அறிவியல் கண்காட்சியில் இவளுக்கென்று ஒரு மேஜை, இவள் பேர் எழுதிய அட்டையோடு என்று அங்கேயே சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கண்காட்சிக்கு மேஜை துடைத்தவள் இவள். பின்னறைக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏ டைப்பு, என் பேருடி. என் பேரு எழுதின அட்டைடி" என்றாள். வாழ்க்கையில் தனக்கென்று ஒன்றைக் கண்டுபிடித்து, அதைத் தன் வாயால் நாலு பேருக்குச் சொல்லப்போகிறாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து நான் ஜன்னலோரம் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வெளியே ரசாயன ஆசிரியர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "தையல்காரரே, அந்த உரத்தை இத்தோட நிறுத்திடுங்க. தலைமை டீச்சர் மேஜை குடுத்துட்டாங்க, விஷயம் கை மீறிப் போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே ஓடிப்போய் அவரை மறித்துக் கேட்டேன். முழுக் கதையும் வந்தது. விளையாட்டு ஆசிரியருக்கும் தெரியுமாம். அறையில் இன்னும் இரண்டு பேருக்குத் தெரியுமாம். எல்லாருமாகச் சேர்ந்து அவளைச் சந்தோஷமாக வைத்திருந்தார்களாம்!

"சொல்லிடுங்க சார்" என்றேன்.

"எப்படிம்மா சொல்றது? மனசு ஒடைஞ்சு போயிடுவா. நீயும் சொல்லிடாத. கண்காட்சி முடியட்டும்."

என்னை நான் கேட்கிற கேள்வி இதுதான். வாய் என்று ஒன்று எனக்கு எதற்கு இருக்கிறது? காய்கறிக் கடையில் கால் கிலோ குறைந்தால் தெருவையே கூட்டுகிற எனக்கு, இதைச் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்பது நாள் போய்விட்டது. அந்த ஒன்பது நாளும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கண்காட்சிக்கு என்ன பேசுவது என்று அவள் ஒத்திகை பார்த்தாள். "நல்லா இருக்குக்கா" என்றேன்.

பத்தாம் நாள் அவளே கண்டுபிடித்தாள்.

ஆசிரியர் நிறுத்தச் சொல்லியும் தையல்காரர் நிறுத்தவில்லை. கண்காட்சிக்குப் போகிற செடி வாடிவிடக் கூடாதே என்று அன்றைக்குக் கூடுதலாகவே ஊற்றியிருக்கிறார். ஊற்றி முடிப்பதற்குள் கீழே யாரோ அளவு கொடுக்க வந்து கூப்பிட, இறங்கிப் போனவர் தட்டை மறந்துவிட்டார். சாயங்காலம் மில்லி மாடிக்குப் போய்த் தட்டுகளை அளந்தாள். வெறும் தண்ணீர்த் தொட்டியில் பன்னிரண்டு மில்லி. டீத் தொட்டியில் பதினாலு. சர்க்கரைத் தொட்டியில் நூற்று நாற்பது.

ஊற்றியதே நூறு. வழிந்தது நூற்று நாற்பது.

இன்னொரு தடவை அளந்தாளாம். அப்புறம் குவளையைக் கையில் பிடித்தபடியே படியிறங்கிக் கீழே போனாளாம். அங்கே நடந்ததைத் தையல்காரரே பின்னால் என்னிடம் சொன்னார், சொல்லும்போது மிஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்று குவளையை மிஷின் மேல் வைத்தாளாம்.

மழை பெய்தது என்றுகூடச் சொல்ல முடியாது, மற்ற தட்டுகள் இருக்கின்றனவே. அவருக்குப் பொய் சொல்லவும் அவ்வளவாக வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"உன் முகத்தைப் பாக்க முடியலடி" என்றாராம்.

"என் முகத்துக்கு என்னங்க? நான் செடியைத்தானே பாத்துட்டு இருந்தேன்?"

"நீ அழுதியேடி..."

"அழுதா அழுதுட்டுப் போறேன். ரெண்டு நாள் அழுதிருப்பேன். அப்புறம் சர்க்கரை போட்டா செடி செத்துப்போகும்னு எழுதியிருப்பேன். அது என்னோடதா இருந்திருக்கும்ல? நீங்க தைக்கிற சட்டையை உங்களுக்குத் தெரியாம நான் பிரிச்சு, வேற டெய்லர்கிட்டக் குடுத்துத் தைச்சு, இஸ்திரி போட்டு வெச்சுட்டு, 'ஆகா, உங்க கை வேலையே வேலை'ன்னு மெச்சியிருந்தா? வாரா வாரம் மெச்சியிருந்தா? நாலு பேரோட சேர்ந்து மெச்சியிருந்தா?"



மறுநாள் காலை மணியடிக்கும் முன்பே அவள் ரசாயன ஆசிரியர் எதிரில் போய் நின்றாள். நான் வருகைப் பதிவேட்டோடு அங்கேதான் இருந்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"சார், இருபத்திரண்டு வருஷமா நீங்க கேட்ட கரைசலை நான் கலந்து குடுத்திருக்கேன். பிள்ளைங்க பயப்படறாங்களேன்னு ஒரு நாளாவது அமிலத்துல தண்ணியைக் கூடுதலாக் கலந்திருக்கேனா?"

"இல்லம்மா... நல்ல எண்ணத்துலதான்..."

"நீங்க என்னைச் சரிபாக்க மாட்டேன்னு சொல்வீங்க. நானும் உங்களைச் சரிபாக்கலை சார். அதான் தப்பாப்போச்சு."

அவர் மேஜைமேல் இருந்த சாக்பீஸ் பெட்டியைத் திறந்தார், மூடினார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். "ஒம்பது நாளா தெரியும்க்கா" என்றேன்.

அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை. ஒன்பது நாளையும் மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. "நான் பேசிக் காட்டினப்போ நல்லா இருக்குன்னீங்களே, மேடம்" என்றாள். மேடம்! பதினோரு வருஷத்தில் ஒரு தடவை அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அன்றிலிருந்து அவள் சாப்பாடு ஆய்வகத்துக்குள் நின்றபடியே, தனியாக.

கண்காட்சியிலிருந்து விலகிவிடுவாள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அவளைப் பற்றி எங்களுக்கு என்ன தெரிந்தது? இன்னும் முப்பத்திமூன்று நாள் இருந்தது. தலைமை ஆசிரியையிடம் போய் ஒன்றும் விடாமல் சொல்லிவிட்டு, ஆய்வகத்தின் கிழக்கு ஜன்னல் பக்கம் பதினைந்து தொட்டி வைக்க அனுமதி வாங்கினாள். ஒவ்வொரு வகைக்கும் மூன்று தொட்டி. அலமாரிச் சாவி, ஜன்னல் பூட்டுச் சாவி, அறைச் சாவி மூன்றையும் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவள் இல்லாத நேரத்தில் அந்த அறையை யாரும் திறக்க முடியாது. ரசாயன வகுப்பு நடக்கும்போது தொட்டிகளுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள், ஆசிரியர் அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தால் எழுந்து நிற்பாள். அவர் பாதி வகுப்பைக் கரும்பலகையோடு ஒட்டிக்கொண்டே நடத்தினார். நன்றாக வேண்டும்.

வீட்டில் பேச்சு நின்றுவிடவில்லை. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்", "கதவைச் சாத்திக்கோங்க" என்கிற அளவுக்கு இருந்ததாகத் தையல்காரர் சொன்னார். அவர் ஆளே பாதியாகிவிட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும்போலவும் இருந்தது. நான் எந்த முகத்தோடு கேட்பது?

செடிகள் யார் மனசையும் பார்க்கவில்லை. உப்பு ஊற்றிய மூன்றும் முளைத்த வாரத்திலேயே கருகின. சோப்பு ஊற்றியவை மஞ்சளாகி இலையைச் சுருட்டிக்கொண்டன. டீ ஊற்றியவை ஏதோ பிழைத்துக் கிடந்தன. சர்க்கரை ஊற்றிய மூன்றிலும் அதே வெள்ளைப் பூஞ்சை, அதே எறும்பு, அதே அழுகல். இரண்டு செத்தன, ஒன்று ஆறு சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. வெறும் தண்ணீர் குடித்த மூன்றும் இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. இவ்வளவு பாடுபட்டு அவள் கண்டுபிடித்தது செடிக்குத் தண்ணீர் போதும் என்பதைத்தான். கேட்கச் சப்பென்றுதான் இருக்கும், ஆனால் அது அவளுடையது.

கண்காட்சியன்று அவள் மேஜைக்கு நல்ல கூட்டம். மேஜை முன்னால் அவள் பேர் எழுதிய அட்டை. பின்னால் சுவரில் பெரிய தாள், அவளுடைய முத்து முத்தான கையெழுத்து. அதில் கடைசியாக இப்படி எழுதியிருந்தாள்: "இதற்கு முன் மூன்று முறை செய்தபோது சர்க்கரை ஊற்றிய செடி மிக நன்றாக வளர்ந்தது. அந்த மூன்றும் செல்லாது. நான் இல்லாத நேரத்தில் அதற்கு உரம் ஊற்றப்பட்டது." யார் ஊற்றியது என்று எழுதவில்லை. படித்த எல்லாரும் அவளிடம் கேட்டார்கள். "அது சோதனைக்குத் தேவையில்லாத விவரம்" என்று முடித்துவிட்டாள்.

வாட்ச்மேன் அண்ணன் வந்தபோது மேஜைக்கு வெளியே வந்து நின்றாள். "அண்ணே, நீங்க சரியாத்தான் கலந்திருக்கீங்க. ரோஜா செத்தது என்னாலதான். உங்களைத் திட்டினதுக்கு மன்னிச்சுக்கோங்க." அவர் "விடும்மா, செடிதானே" என்றார். "செடிதானேன்னு சொல்லாதீங்கண்ணே, நீங்க அதை எவ்வளவு பாத்துப்பீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

தையல்காரரும் வந்தார். புதுச்சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, பிள்ளைகளின் பெற்றோர்களோடு வரிசையில் நின்றார். தாளில் அந்தக் கடைசி வரிக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டார். அவள் அவருக்கும் எல்லாருக்கும் சொன்ன மாதிரியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், ஐந்து வகையையும் விளக்கினாள். "ரொம்ப நல்லா பண்ணியிருக்க" என்றார் அவர். அவள் "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

நடுவராக வெளியிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார், ஏதோ கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவர். இருபது நிமிஷம் அந்த மேஜையிலேயே நின்றார். நோட்டைக் கேட்டார், வழிந்த தண்ணீரின் அளவுகளைப் படித்தார், படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவு வருஷமா நடுவரா போறேன்மா. கெட்டுப்போன சோதனையை மறைக்காம இப்படி எழுதி ஒட்டினவங்களை நான் பாத்ததே இல்ல. என் மாணவங்களைக் கூட்டிட்டு வந்து காட்டணும்."

மில்லியின் முகத்தை நான் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு மேலாகச் செத்துக் கிடந்த முகம், ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், விரிந்தது. அப்புறம் அவள் கேட்டாள்.

"எங்க கெமிஸ்ட்ரி சாரைத் தெரியுமாங்க உங்களுக்கு?"

"தெரியுமே! அவர்தானே போன் பண்ணி என்னைக் கூப்பிட்டாரு" என்றார் அந்த அம்மாள், சிரித்துக்கொண்டே.

அவ்வளவுதான். விரிந்த முகம் அப்படியே சுருங்கிப்போனது. சிறப்புப் பரிசு என்று தலைமை ஆசிரியை மேடையில் சான்றிதழ் கொடுத்தபோது வாங்கினாள், கைதட்டினார்கள், இறங்கினாள். அதைப் படிக்கக்கூட இல்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. காருக்குப் போய்க்கொண்டிருந்த அந்த அம்மாளைப் படியில் ஓடிப் பிடித்தேன். மூச்சிரைக்கக் கேட்டேன், ரசாயன ஆசிரியர் இவளைப் பற்றி முன்கூட்டியே ஏதாவது சொல்லி வைத்திருந்தாரா என்று.

"யாரைப் பத்தி? தேதியும் நேரமும்தான் சொன்னாரு. அந்தம்மா இங்க லேப்ல வேலை பாக்கறவங்கன்னே தலைமை டீச்சர் மேடையில சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன் கேக்கறீங்க?"

ஒன்றுமில்லை என்றேன். அவர் சொன்ன அத்தனையும் நிஜம்! யாரும் சொல்லிக் கொடுக்காத, யாரும் உரம் ஊற்றாத பாராட்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன்.

அவள் கழுவுத்தொட்டியில் தொட்டிகளைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சான்றிதழ் ஈரம் படாத இடத்தில், அலமாரிமேல் கிடந்தது.

"அக்கா, நான் போய்க் கேட்டுட்டேன். அந்தம்மாவுக்கு உன்னைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. அவங்க மனசாரத்தான் சொன்னாங்க. சத்தியமாக்கா!"

அவள் குழாயை மூடினாள். என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நம்ப வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"அப்படித்தான் சொல்லுவீங்க மேடம்" என்றாள். "நான் வருத்தப்படக் கூடாதுன்னு."

சொல்லிவிட்டு அடுத்த தொட்டியை எடுத்தாள்.